குறை சொல்ல ஓர் ஆள்

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க."

தூக்கினாள்.

"அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க."

நடந்தாள். திரும்பி வரும்போது கோணலாகக் கிடந்த ஒரு நாற்காலியைச் சுவரோடு சேர்த்து நேராக வைத்துவிட்டு வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மதிப்பீட்டாளர் அதைப் பார்த்தார். கணினியில் ஏதோ தட்டினார். இயலாமை உதவித்தொகை கேட்டு வருகிறவர்களை நேரில் பார்த்துக் குறிப்பெழுதுவது அவர் வேலை. சின்ன வயசு. மரியாதையான பிள்ளை.

"வீட்ல சமையல் யாரு?"

"நான்தான் சார்."

"தனியாவா?"

"ஆமா சார்."

"கடைக்குப் போறது, பஸ் ஏறுறது?"

"போவேன் சார்."

"காலையில எழுந்திரிக்கிறதுல சிரமம் ஏதும்?"

கொஞ்சம் யோசித்தாள். "பாத்துக்கலாம் சார்," என்றாள். முகம் தானாகச் சிரித்தது.

அவரும் சிரித்தார். "எல்லாரும் உங்கள மாதிரி தெளிவா பதில் சொன்னா எங்களுக்கு வேலை சுலபம்மா."

அந்தப் பாராட்டோடு வெளியே வந்தவள் மாடிப்படியில் பாதி இறங்கியதும் உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். படி ஆடுவது நிற்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே கதவுக்குப் பின்னால் அடுத்த ஆளைக் கையைத் தூக்கச் சொல்வது கேட்டது.

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற சுபாவமும் இல்லை. பழக்கம். பல வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில் திரைச்சீலைப் பகுதியில் நின்றவள் அவள். அங்கே எல்லோருக்கும் கர்ட்டனக்கா. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. நீலம் கேட்டு நீலம் தீர்ந்துபோயிருந்தால், "இந்தச் சாம்பல் பாருங்க, சுவருக்கு எடுப்பா இருக்கும்." அகலம் போதாவிட்டால், "நடுவுல ஒரு தையல் போட்டா தெரியவே தெரியாதுங்க." கால் வலித்தால் சிரிப்பு. தலை சுற்றினால் இன்னும் கொஞ்சம் சிரிப்பு. யாராவது வாய்தவறி 'இல்லை' என்றுவிட்டால் முதலாளி கல்லாவில் இருந்தபடியே இருமுவார். அந்த இருமல் அவளுக்கு இன்னமும் கேட்கும். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கேள்வி கேட்டபோதும் கேட்டது.

கணவன் அமைந்ததும் அந்தக் கடையில்தான். பேக்கரி வேன் ஓட்டுகிறவன். பின்கண்ணாடி வழியாக வெயில் அடித்து ரொட்டி காய்ந்துபோகிறதென்று மறைப்புக்குத் துணி வாங்க வந்தான். பழுப்பு கேட்டான். பழுப்பு தீர்ந்துபோயிருந்தது. பச்சையில் பூப்போட்டதை அவன் தலையில் கட்டி அனுப்பினாள். மறுவாரம் திரும்ப வந்து வேனுக்கு முன்பக்கமும் வேண்டும் என்றான்.

"முன்னாடி துணி போட்டா ரோடு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

அவன் அதை யோசித்திருக்கவில்லை. அந்தப் பச்சைத் துணி வெளுத்துப்போய் இன்னமும் வேனில் தொங்குகிறது. இறக்கச் சொன்னால் இறக்க மாட்டான்.

முதலில் படுத்தது மனம். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். அழுகையெல்லாம் கிடையாது. மின்விசிறியைப் போட வேண்டும் என்று தோன்றும், சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கை போகாது. வியர்த்துக்கொண்டு அப்படியே கிடப்பாள். மனநல மருத்துவரிடம் போனார்கள். மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் தேவலை. ஆனால் களைப்பு போகவில்லை. உள்ளங்கை ரேகைகள் மையால் வரைந்த மாதிரி கறுத்தன. விரல் முட்டிகள் கறுத்தன. "வெயில்ல அலையாதக்கா," என்றார்கள் கடைப்பெண்கள். அவள் நின்ற பகுதியில் வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை. வீட்டில் உப்பு ஜாடி அடிக்கடி காலியாயிற்று. சமையலறையில் நின்று உப்பை நக்குகிறவளைப் பார்த்துவிட்டு நாத்தனார், "மாடு தோத்துது போ," என்றார்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்குத் திரைச்சீலையின் பின்பக்கம் வைத்துத் தைக்கிற துணியைக் காட்டிக்கொண்டிருந்தவள் விரித்துப் போட்ட துணிமேலேயே சரிந்தாள். "இருக்குங்க, காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே விழுந்தாள் என்று கடையில் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்புக்கு ஒரு நெருக்கடி என்றால் ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிற சுரப்புநீர் அதிலிருந்துதான் வர வேண்டுமாம். அவளுக்கு அது நின்றுபோயிருந்தது. உப்புக்கு நாக்கு அலைந்ததும் கை கறுத்ததும் அதனால்தானாம். ஆயுசுக்கும் வேளாவேளைக்கு மாத்திரை. காய்ச்சலோ பதற்றமோ வந்தால் கூடுதல் மாத்திரை. அதற்கும் கேட்காமல் மயங்கினால் உடனே ஊசி.

"லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற வியாதி," என்றார் மருத்துவர்.

"லட்சத்துல ஒருத்தின்னு நான் அப்பவே சொன்னேன் சார்," என்றான் கணவன்.

மாத்திரை உயிரைக் காப்பாற்றியது. காலை நேரத்தைக் காப்பாற்றவில்லை. எழுந்து முதல் மாத்திரை உள்ளே போய் வேலை செய்யும்வரை அவள் பாதி ஆள். மனசும் சேர்ந்துகொண்ட நாளில் அந்தப் பாதியும் இல்லை. கடை வேலை போயிற்று. நின்றுகொண்டு செய்கிற வேலை, நிற்க முடியாதவளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள். கணவன் வேன் எடுப்பது விடியலுக்கு முன்னால். அதாவது அவள் மிகவும் மோசமாக இருக்கும் நேரம் முழுக்க அவன் யாரோ ஒரு கடை வாசலில் ரொட்டித் தட்டு இறக்கிக்கொண்டிருப்பான். மத்தியான வண்டி ஒன்று உண்டு. அதற்குக் கூலி குறைவு. உதவித்தொகை கிடைத்தால் அந்தக் குறைவை ஈடுகட்டலாம், அவன் காலையில் வீட்டில் இருக்கலாம். அதற்காகத்தான் விண்ணப்பம் போட்டது. வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

பதில் தபாலில் வந்தது. நிராகரிப்பு. கணவன் உரக்கப் படித்தான்.

"விண்ணப்பதாரர் உற்சாகமாகக் காணப்பட்டார். சமையல், பயணம் ஆகியவற்றைத் தனியாகச் செய்வதாகத் தெரிவித்தார். உதவியின்றி நடந்தார். ஒரு நாற்காலியை நகர்த்தினார்."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தார். "நாற்காலிய எதுக்கும்மா தொட்ட?"

"கோணலா கிடந்துச்சு அண்ணி."

"நம்ம வீட்ல எத்தனை நாற்காலி கோணலா கிடக்கு. ஒருநாளாவது தொட்டிருப்பியா?"

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மத்தியானத்துக்கு மேல் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை. பல்வலிக்காரர்களை அதட்டி வரிசையில் உட்கார வைத்துப் பழகிய குரல். காலையில் தம்பி வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும் டம்ளரோடு இறங்கி வருவார். மேலே குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார். வந்ததிலிருந்து குறைதான். ஜன்னல் ஏன் சாத்தியிருக்கு, பால் ஏன் வெளியே இருக்கு, போர்வைய ஏன் இழுத்துப் போத்தியிருக்க. கட்டிலில் கிடந்தபடி இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். சோம்பேறி என்று நினைக்கிறார், வேவு பார்க்க வருகிறார் என்பது இவள் கணக்கு. மேலே குழாய் நன்றாகவே வரும் என்று இவளுக்குத் தெரியும். வாளியில் விழுகிற சத்தம் கீழே கேட்கும்.

"அன்னிக்கு ஒரு மாத்திரை கூடுதலா போட்டுட்டுப் போனேன்," என்றாள் கணவனிடம். "பதட்டமா இருந்தா போடச் சொல்லியிருக்காங்கல்ல. அதான் முகம் தெளிவா இருந்திருக்கும்."

"பவுடரும் போட்டா," என்றார் நாத்தனார்.

மேல்முறையீட்டுக்கு எழுதிப் போட்டார்கள். விசாரணைக்கு வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பதில் வந்தது. கணவன் லீவு சொல்கிறேன் என்றான்.

"நீ வராத," என்றார் நாத்தனார். "நான் போறேன்."

"அக்கா, நீ வந்தா அங்க சண்டை ஆயிடும்."

"நீ போனா என்ன ஆகும்? 'பாவம் சார், எல்லாத்தையும் அவளே பாத்துக்கறா சார்'னு சொல்லிட்டு வருவ. பொண்டாட்டிய விட்டுக்கொடுக்க உனக்கு வாய் வராது. அவமேல குறை சொல்ல இந்த வீட்ல என்னைய விட்டா யாரு இருக்கா?"

கணவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். நாத்தனார் போவதென்று முடிவானது.

விசாரணை அன்று பவுடர் போடவில்லை. நாத்தனார் கைக்குட்டையோடு பக்கத்தில் நின்று கண்காணித்தார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார வைத்தார். இறங்கும்போது முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார், ஓடிவிடுவாளோ என்பதைப் போல. அவளுக்கு ஒரே யோசனை. தன்னைப் பற்றி இந்த மனுஷி வெளி ஆட்களுக்கு முன்னால் என்னவெல்லாம் சொல்லப்போகிறாரோ. ஒன்றும் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, மானமாவது மிஞ்சட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு விடியலில் கிளம்பும் வேனின் சத்தத்தை நினைத்துக்கொண்டாள்.

நீண்ட மேசை. ஒரு பெண் அதிகாரி, ஒரு மருத்துவர். தண்ணீர் ஜாடி. அறையில் ஒரு நாற்காலி கோணலாகத்தான் கிடந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தாள்.

"சமையல் நீங்கதான் செய்றதா சொல்லியிருக்கீங்க," என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"ஆமா மேடம்—"

"எங்க செய்றா?" என்றார் நாத்தனார்.

அதிகாரி திரும்பினார். "நீங்க?"

"நான் இவ வீட்டுக்காரனோட அக்கா. மேல் மாடி. அடுப்புல பால வச்சிட்டு நாற்காலியில உக்காந்து சுவத்தப் பாத்துட்டு இருப்பா. பால் பொங்கி அடுப்ப அணைச்சுடும். கேஸ் நாத்தம் மாடிக்கு வரும். ஓடி வந்து மூடணும். அடுப்பு அணையாத நாள்ல பால் வத்தி எத்தன பாத்திரம் கரியாச்சு தெரியுமா? அதுல ஒண்ணு என்னோடது. இன்னும் வாங்கித் தரல."

மருத்துவர் பேனாவைத் திறந்தார். "இது அடிக்கடி நடக்குமா?"

"நடக்காத நாளக் கேளுங்க, யோசிச்சு சொல்றேன்."

"அப்ப யார் சமைக்கிறா?"

"காய் நான் வெட்டிருவேன். இவ வெட்டினா விரலையும் சேத்து வெட்டுவா. சாதம் தம்பி மத்தியானம் வந்து வைப்பான். தட்டுல போட்டுச் சாப்பிடுறது இவதான். அதத்தான் சமைக்கிறேன்னு சொல்லியிருப்பா."

அவளுக்குக் காது சுட்டது. அதிகாரி எழுதிக்கொண்டே போனார்.

"குளியல்?"

"கதவத் தாள் போடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒருதடவ உள்ள விழுந்து, கதவ உடைக்க வேண்டியதாப் போச்சு. இப்ப ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கிறா. நான் வெளிய நிக்கணும். தண்ணிச் சத்தம் நின்னா குரல் குடுக்கணும். இதுல என்ன கொடுமைன்னா, 'அண்ணி, குளிக்கும்போது கூட திட்டாதீங்க'ங்கறா. திட்டலைங்க. உயிரோட இருக்காளான்னு பாக்கறேன்."

மருத்துவர் தலை குனிந்து ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"யார்கிட்டயும் பேசுறது, வெளிய போறது?"

"போன் அடிச்சா அது பாட்டுக்கு அடிச்சிட்டு கிடக்கும். எடுக்க மாட்டா. வாசல்ல யாராவது கூப்பிட்டா மூச்ச அடக்கிட்டு உள்ள இருப்பா. அப்புறம் நான் வந்து, 'அவ தூங்கறா'ன்னு பொய் சொல்லணும். இவளால நான் எவ்வளவு பொய் சொல்லியிருக்கேன் தெரியுமா? எங்க அம்மா தவறினப்ப நல்லாத்தான் இருந்தா, ஓடியாடி எல்லாருக்கும் டீ குடுத்தா. எல்லாரும் போனதும் விழுந்தா. முகம் வெள்ளையாயிடுச்சு. நான்தான் ஊசி போட்டேன்."

"உங்களுக்கு ஊசி போடத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்குடுத்துச்சு. ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகினேன். ஒரு கூடை பழம். வீணாக்காம நானே தின்னேன்."

அவளுக்கு இது தெரியாது. மாடியில் ஒரு பருவம் முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"இதுல முக்கியமான பிரச்சினை எதுன்னு ஃபைல்ல தெளிவா இல்ல," என்றார் மருத்துவர். "மனநல மருத்துவர் சுரப்பியால இருக்கலாம்னு எழுதியிருக்கார். சுரப்பி மருத்துவர் மனநிலையும் காரணம்னு எழுதியிருக்கார்."

"ரெண்டு பேரும் இவள வச்சுப் பந்தாடுறாங்க. அத நீங்க பிரிச்சுக்குங்க சார். கட்டில்ல கிடக்கறது ஒரே ஆள்தான்."

அதிகாரி ஒரு பக்கத்தைத் திருப்பினார். "அப்ப இவங்கள தினமும் பாத்துக்கிற ஆள் நீங்கதானா?"

"நானா?" நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு வேற வேலை இல்லையா?"

"காய் வெட்ட, குளிக்கும்போது காவல் நிக்க தினமும் காலையில கீழ வர்றீங்களே."

"எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வராது."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் மேசைமேல் இருந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, பல் மருத்துவமனையில் யாரோ வரிசையைத் தாண்டிவிட்ட மாதிரி.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றதெல்லாம் சரியாம்மா? ஒருநாள் காலையில இவங்க வரலைன்னு வச்சுக்குங்க. உங்களால தனியா சமாளிக்க முடியுமா?"

முதலாளி இருமினார். முகம் தன்பாட்டில் சிரிக்கத் தயாரானது. 'பாத்துக்கலாம்' என்ற சொல் நாக்குவரை வந்து நின்றது. அவள் அதை அங்கேயே நிறுத்திவைத்தாள்.

"இல்ல மேடம்," என்றாள். "முடியாது."

சத்தம் குறைவாகத்தான் வந்தது. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் அதிகாரி.

"முடியாது மேடம்."

"இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு பஸ் டிக்கெட் மிச்சம்," என்றார் நாத்தனார்.

வெளியே உட்காரச் சொன்னார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் கைப்பையைத் திறந்து மத்தியான மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து நீட்டினார். அவள் பையில் தனியாக ஒன்று இருந்தது. அதை வெளியே எடுக்காமல் இதை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஓவரா பேசிட்டனா?" என்று கேட்டார் நாத்தனார், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"பாத்திரம் வாங்கித் தரேன் அண்ணி."

"பெரிசா வாங்கு."

குமாஸ்தா வந்து கூப்பிட்டார். அதிகாரி சுருக்கமாகச் சொன்னார்: நிராகரிப்பு ரத்து. உதவித்தொகை அடுத்த மாதத்திலிருந்து. இரண்டு வருஷம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். "அப்பவும் இவங்களையே கூட்டிட்டு வாங்க," என்றார் மருத்துவர்.

அறையை விட்டு வரும்போது அந்தக் கோணல் நாற்காலியை நாத்தனார் இடுப்பால் ஒரு இடி இடித்து நேராக்கிவிட்டு வந்தார்.

கணவனிடம் போனில் சொன்னாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. "அக்கா சண்டை போட்டுச்சா?" என்றான்.

"இல்லைங்க," என்றாள். "குறை மட்டும்தான் சொன்னாங்க."

மறுநாள் கணவன் இருட்டோடு வேனை எடுத்துக்கொண்டு போனான். மத்தியான வண்டிக்கு மாற இன்னும் சில வாரம் ஆகும் என்று பேக்கரியில் சொல்லியிருந்தார்கள். அவள் படுத்தபடியே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மேலே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. நாத்தனார் டம்ளரோடு இறங்கி வந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார். "சரி அண்ணி," என்றாள். ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டார். திறந்தார். பால் காய்ச்சினார். அவள் வெயில் ஏறிய பிறகு எழுந்து குளித்தாள். தாள் போடவில்லை. மத்தியானம் கணவன் வந்து சாதம் வைத்தான். சாப்பிட்டார்கள். நாத்தனார் வேலைக்குக் கிளம்பிப் போனார். அவள் கொஞ்ச நேரம் தூங்கினாள். சாயங்காலம் கணவனும் அவளும் பாத்திரக்கடைக்குப் போனார்கள். நாத்தனார் கேட்ட பெரிய அளவில் மூடியோடு இருப்பு இல்லை. மூடி இல்லாததை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.